டேக்ஸ் ஃப்ரீ கணக்கும் கொஞ்சம் தனிப் பங்குகளும்: டர்பனிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு 2015 மார்ச் 1 அன்று வந்தது. இங்கே எல்லோருக்கும் அது டேக்ஸ் ஃப்ரீ கணக்குதான். அந்த வருடமே நான் ஒன்று தொடங்கினேன். அதே முதலீட்டுத் தளத்தில் சாதாரணப் பங்குக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. முதலாவதில் இடிஎஃப் மட்டும், அதாவது பல நிறுவனப் பங்குகளை ஒரே கூடையாக வாங்கும் நிதி. மாதப் பிறப்பில் வங்கியிலிருந்து டெபிட் ஆர்டராகப் பணம் தானாகப் போய்விடும். இரண்டாவதில் நானாகப் பார்த்து வாங்கும் தனிப் பங்குகள். இரண்டையும் இத்தனை வருடம் ஓட்டிய அனுபவத்தை எழுதுகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். பின்னால் அதைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் நிதி ஆலோசகர் இல்லை. துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். ஆனாலும் சந்தை கொஞ்சம் ஆடினால் போதும், டர்பனில் நாங்கள் இருக்கும் சாட்ஸ்வர்த்தில் யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள். கோயில் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கும்போதுகூடக் கேட்டிருக்கிறார்கள். வருடங்கள் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை.

"அக்கா, இப்ப வித்துடலாமா?" முதலிடம் எப்போதும் இதற்குத்தான்.

இதை முதலில் நான் கேட்டது 2015 டிசம்பரில். 9-ஆம் தேதி இரவு அதிபர் ஜூமா தன் நிதி அமைச்சர் நெனேவைத் திடீரென்று நீக்கினார். எங்கள் நாணயமான ராண்ட் சரிந்தது, வங்கிப் பங்குகள் பலமாக அடிவாங்கின. நான்கே நாளில் அந்தப் பதவிக்குப் பிரவின் கோர்தன் வந்தார். அந்த நான்கு நாளில் விற்றவர்களும் உண்டு, ஒன்றும் செய்யாதவர்களும் உண்டு. என் இடிஎஃப் கணக்கைத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த அளவு விழவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. ஜோகன்னஸ்பர்க் சந்தையின் பெரிய நிறுவனங்களில் பல, வருமானத்தை வெளிநாட்டில் ஈட்டுகின்றன. ரிஷ்மான், பிஹெச்பி, பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ போன்றவை. ராண்ட் விழுந்தால் அவற்றின் விலை ராண்ட் கணக்கில் ஏறும். வங்கி, துணிக்கடை, சூப்பர்மார்க்கெட் பங்குகள் அதே நேரம் இறங்கும். ஆகவே "சந்தை விழுகிறது" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது: எந்தப் பாதி?

அப்போதிருந்து விற்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் கொஞ்சம் சலிப்பூட்டுவது. அதை வாங்கும் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். தனிப் பங்கு ஒன்று வாங்கினால், ஏன் வாங்குகிறேன், என்ன நடந்தால் விற்பேன் என்று போனில் இரண்டு வரி எழுதி வைக்கிறேன். விலையைக் குறிப்பதில்லை. "டிவிடெண்ட் நிறுத்தினால்", "கடன் இன்னும் ஏறினால்", "கணக்கறிக்கை தள்ளிப் போனால்", இப்படித்தான் இருக்கும். செய்தி வரும் நாளில் அந்த இரண்டு வரியைப் படித்தால் வேலை முடிந்தது. விலை மட்டும் மாறி, எழுதியது எதுவும் மாறாமல் இருந்தால் கையை வைப்பதில்லை.

கணக்கறிக்கை தள்ளிப் போவது என்பதைச் சும்மா சேர்க்கவில்லை. மரச்சாமான் விற்கும் ஸ்டைன்ஹாஃப் நிறுவனம் நினைவிருக்கும். 2017 டிசம்பர் 5 இரவு, கணக்கில் முறைகேடு பற்றி விசாரணை, தலைமை அதிகாரி விலகல் என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் ஒரே நாளில் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 2023-ல் சந்தைப் பட்டியலிலிருந்தே அது போய்விட்டது. சந்தையின் நாற்பது பெரிய நிறுவனங்களைக் கொண்ட டாப் 40 இடிஎஃப் வைத்திருந்த எல்லோரிடமும் அதில் கொஞ்சம் இருந்தது, என்னிடமும்தான். ஆனால் நாற்பதில் ஒன்றாக இருந்ததால் அந்த மாத அறிக்கையில் அது தனியாகத் தெரியவே இல்லை. அதே பங்கை மட்டும் வைத்திருந்தவருக்கு அது வேறு கதை.

அடுத்தது டோங்காட் ஹுலெட் என்ற சர்க்கரை நிறுவனம். இங்கே நம் ஆட்களிடம் இந்தப் பெயரைப் பற்றிப் பேசும்போது பார்த்துப் பேச வேண்டும். 1860-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்த நாள் முதல் கரும்புத் தோட்டத்தில் உழைத்த குடும்பங்கள் இவை. தாத்தா வெட்டிய கரும்பு, அப்பா ஓட்டிய ஆலை லாரி என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அந்தப் பாசத்தில் பங்கு வைத்திருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2019-ல் நிறுவனமே, பழைய கணக்குகளில் சொத்து மதிப்பு பல நூறு கோடி ராண்ட் கூடுதலாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று அறிவித்தது. 2022 அக்டோபரில் மீட்பு நடவடிக்கைக்குள் போனது. நாம் பிறந்த ஊர், நாம் வேலை பார்க்கும் கம்பெனி, நாம் தினமும் நுழையும் கடை, இவற்றின் பங்கில் நம் கண் சரியாக வேலை செய்யாது என்பது என் எண்ணம். அதனால்தான் எந்தத் தனிப் பங்கும் மொத்த முதலீட்டில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். தாண்டினால் கொஞ்சம் விற்றுக் கழித்துவிடுவேன். ஏறிக்கொண்டிருக்கும் பங்கைக் கழிப்பது வலிக்கும். பழகிவிட்டது.

2020 மார்ச் தனி அத்தியாயம். கோவிட், எண்ணெய் விலைப் போர், மூடீஸ் நிறுவனம் நாட்டின் கடன் தரத்தைக் குறைத்தது எல்லாம் ஒரே மாதத்தில். ஊரடங்கு தொடங்கியதும் தரக் குறைப்பு வந்ததும் ஒரே நாள், மார்ச் 27. எரிபொருள், ரசாயன நிறுவனமான சாசோலின் பங்கு அந்த வருடத் தொடக்கத்தில் 300 ராண்ட் சுற்றி இருந்தது. மார்ச்சில் 30-க்கும் கீழே போனது. என் தளத்தின் மீது எனக்குள்ள குறை இந்த வாரங்களில்தான். காலை ஒன்பது மணிக்குச் சந்தை திறந்ததும் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே விடாது. விட்டாலும் காட்டும் விலை கால் மணி நேரம் பழையது. உதவிக்கு மின்னஞ்சல் போட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு பொதுப் பதில். அவசர வியாபாரம் செய்பவருக்கு இது பெரிய கோளாறு. எனக்கு என்னவோ அதனால் லாபம்தான். அந்த மாதம் நடந்த ஒரே பரிவர்த்தனை டெபிட் ஆர்டர். அது வழக்கம் போலப் போய், விழுந்த விலையில் அதிக யூனிட் வாங்கி வைத்தது.

சாசோல் வாங்கலாமா என்று அப்போது கேட்டவர்கள் ஏராளம். வாங்கியவர்கள் இரண்டே வருடத்தில் 300 ராண்டைத் தாண்டிப் பார்த்தார்கள். அதே பங்கு 2024 கடைசியில் மறுபடி 100-க்குக் கீழே வந்தது. இதில் யார் கெட்டிக்காரர்? அன்றைக்கு அந்த நிறுவனத்தின் அமெரிக்க ஆலைக் கடன் தீருமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரிந்தது போலப் பேசுகிறவர்கள் விலை ஏறிய பிறகுதான் கூடுதலாகப் பேசினார்கள்.

"அவசரத்துக்கு விற்றால் பணம் கைக்கு எப்போது வரும்?" இதைக் கேட்பவர்கள் குறைவு. என் கணக்கில் முதலில் கேட்க வேண்டியதே இதுதான். 2021 ஜூலையில் அது எங்களுக்குப் புரிந்தது. கலவரத்தில் டர்பன் எரிந்துகொண்டிருந்தது. ஏடிஎம்கள் உடைக்கப்பட்டன, கிளைகள் மூடப்பட்டன, ரொட்டிக்கு வரிசையில் நின்றோம். ஜோகன்னஸ்பர்க்கில் சந்தை என்னவோ வழக்கம் போலத் திறந்துதான் இருந்தது. ஆனால் இங்கே பங்கு விற்றால் கணக்குத் தீர மூன்று வேலை நாள் ஆகும். திங்கட்கிழமை விற்றால் வியாழன். தளத்திலிருந்து வங்கிக்கு இன்னும் ஒரு நாள். அந்த வாரம் எங்கள் தெருவைக் காப்பாற்றியது மாமியாரின் அரிசி டின்னும் அலமாரியில் இருந்த நோட்டுகளும்தான். அதற்குப் பிறகு மூன்று மாதச் செலவுப் பணம் சாதாரண வங்கிக் கணக்கில் தனியாக இருக்கிறது. அதைத் தொட்டுப் பங்கு வாங்குவதில்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. இந்தப் பணம் இல்லாதவர் நல்ல பங்கையும் கெட்ட நாளில் விற்க வேண்டி வரும்.

அப்புறம் டாலர். ராண்ட் ஆடும்போதெல்லாம் "எல்லாத்தையும் வெளிநாட்டுக்கு மாத்திடவா?" என்ற கேள்வி வரும். விழுந்த அன்றைக்குத்தான் கேட்பார்கள். அதாவது டாலர் விலை உச்சத்தில் இருக்கும்போது. நான் செய்வது எளிது. அமெரிக்கக் குறியீட்டைப் பின்பற்றும் இடிஎஃப்கள் ஜோகன்னஸ்பர்க் சந்தையிலேயே ராண்டில் கிடைக்கின்றன. டேக்ஸ் ஃப்ரீ கணக்கின் மாதப் பணத்தில் பாதி அங்கே போகிறது. பணத்தை மாற்றும் கட்டணம், படிவம் எதுவும் எனக்கு இல்லை. உள்ளூர்ப் பாதியிலும் வெளிநாடு கலந்துதான் இருக்கிறது: ஒரு காலத்தில் நாஸ்பர்ஸ் என்ற நிறுவனம் ஒன்றே குறியீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் இருந்தது, அதன் மதிப்போ பெரும்பாலும் அது பங்கு வைத்திருக்கும் சீன வீடியோ கேம், இணைய நிறுவனமான டென்சென்ட். பெய்ஜிங்கில் வீடியோ கேமுக்குக் கட்டுப்பாடு போட்டால் சாட்ஸ்வர்த்தில் ஓய்வூதியம் ஆடும்.

மாமியார் வேறு கட்சி. க்ரூகராண்ட் தங்க நாணயமும் வங்கியில் நிலையான வைப்பும்தான் அவருக்கு முதலீடு. 2025-ல் தங்கம் ஏறிய ஏற்றத்தில் வீட்டில் அவர் பேச்சுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. அந்த வருடம் கோல்டு ஃபீல்ட்ஸ், ஆங்கிலோகோல்டு என்ற தங்கச் சுரங்கப் பங்குகள் இரண்டு மடங்கையும் தாண்டின. ஏப்ரலில் ட்ரம்ப் எங்கள் நாட்டுப் பொருட்களுக்கு 30 சதவீத வரி அறிவித்துச் சந்தை பதறியது. ஜூலையிலேயே ஜோகன்னஸ்பர்க் குறியீடு முதல் முறையாக 1,00,000 புள்ளியைத் தாண்டியது. "இப்ப கோல்டு ஷேர் வாங்கலாமா?" என்று அடுத்த தெரு அங்கிள் அப்போதுதான் கேட்டார். சுரங்கப் பங்கும் தங்கமும் ஒன்றல்ல என்று சொன்னேன். நாணயம் வேலைநிறுத்தம் செய்யாது, அதற்கு மின்கட்டணம் கிடையாது. சுரங்கத்துக்கு இரண்டும் உண்டு. தங்கம் கொஞ்சம் இறங்கினால் அதன் லாபம் நிறைய இறங்கும். வாங்கினாரா என்று கேட்கவில்லை.

செலவும் வரியும் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் நம் கையில் இருப்பது அவை மட்டும்தான். தனிப் பங்கு வாங்கினால் 0.25 சதவீதப் பங்கு மாற்று வரி உண்டு; இடிஎஃப்புக்கு அது இல்லை. டிவிடெண்டில் 20 சதவீதம் வருவதற்கு முன்பே பிடித்துவிடுவார்கள். சொத்து வாடகை நிறுவனங்களான ரெய்ட்கள் தரும் பகிர்வுத் தொகை வேறு வகை. அது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்தில் வரும். டேக்ஸ் ஃப்ரீ கணக்கில் இவை எதுவும் இல்லை, விற்ற லாபத்துக்கும் வரி இல்லை. அதில் தனிப் பங்கு வாங்க முடியாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுவே அந்தக் கணக்கின் சிறந்த அம்சம்.

வரம்பை மட்டும் கவனிக்க வேண்டும். நான் தொடங்கியபோது வருடத்துக்கு 30,000 ராண்ட். 2017-ல் 33,000, 2020-ல் 36,000, 2026 மார்ச்சில் 46,000 ஆனது. ஆயுள் வரம்பு 5,00,000. தாண்டிப் போட்டால், தாண்டிய தொகையில் 40 சதவீதம் அபராதம். இரண்டு இடத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு தளமும் தன்னிடம் போட்டதை மட்டுமே பார்க்கும், மொத்தக் கணக்கு உங்கள் பொறுப்பு. பிப்ரவரி கடைசியில் வரி ஆண்டு முடியும் முன் ஒரே தவணையாகக் கொட்டுபவர்களும் இருக்கிறார்கள். மாதம் 3,000 என்று பிரித்துப் போடுவது எனக்கு நிம்மதியான தூக்கம் தருகிறது. எடுத்த பணத்தைத் திருப்பிப் போட்டால் அது புதிதாகப் போட்டதாகவே கணக்கு. அந்த இடம் திரும்பக் கிடைக்காது. மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு இந்தக் கணக்கை உடைக்காமல் சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்ததற்கு இதுதான் காரணம். அங்கே மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்றேன். அப்படி விற்றால் லாபம் மூலதன லாபமாகவே கருதப்படும், அதில் அப்போதைய விதிப்படி முதல் 40,000 ராண்டுக்கு வரி வரவில்லை.

யாருக்கு இந்த முறை ஒத்து வராது? தினமும் வாங்கி விற்க ஆசைப்படுபவருக்கு. ஐந்து வருடத்துக்குள் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியவருக்கும் வராது. அவர் மாமியார் கட்சியில் சேர்வதே நல்லது. கிரெடிட் கார்டு கடன் இருப்பவர் முதலில் அதை அடைக்கட்டும். அந்த வட்டியை எந்த இடிஎஃப்பும் ஜெயிக்காது. மாதம் பத்து சதவீதம் என்று வாட்ஸாப்பில் வருபவரை நம்புவதற்கு முன், அவர் சொல்லும் உரிம எண்ணை நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்எஸ்சிஏ-வின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு வேறு தளத்திலிருந்து மாற நினைப்பவர்களுக்கு ஒன்று. டேக்ஸ் ஃப்ரீ பணத்தை நீங்களாக எடுத்துப் புதிய இடத்தில் போடாதீர்கள். அது புதிய பங்களிப்பாகிவிடும். 2018 மார்ச்சிலிருந்து ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராக மாற்ற அனுமதி உண்டு. புதிய தளத்தில் மாற்றுப் படிவம் கேளுங்கள், மீதியை அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள். சில வாரம் ஆகலாம். அதுவரை பழைய டெபிட் ஆர்டரை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலும் பணம் போகும்.