வில்சன் ஆவணத் தொகுதிகள்: ஒரு பேராசிரியரின் 25 ஆண்டுகள்

பொது நிர்வாகத்தைப் பாடமாக எடுத்த எவருக்கும் 1887 என்ற ஆண்டு மனப்பாடமாக இருக்கும். பிற்பாடு அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் ‘நிர்வாகவியல் ஆய்வு’ என்ற கட்டுரையை வெளியிட்ட ஆண்டு அது. இந்தியக் குடிமைப்பணித் தேர்வின் பொது நிர்வாக விருப்பப்பாடத் திட்டத்தில் இன்றும் வில்சனின் பார்வை தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. அந்தப் பகுதியைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். அரசியல் வேறு, நிர்வாகம் வேறு என்ற அவருடைய கருத்தைக் காட்டக் கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றில் அரசியல் என்றும் மற்றொன்றில் நிர்வாகம் என்றும் எழுதிவிட்டு, மணி அடித்ததும் அடுத்த சிந்தனையாளருக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். அந்தக் கட்டுரையை எழுதியவர் அப்போது எங்கே வேலை பார்த்தார், என்ன சம்பளம் வாங்கினார், பிற்பாடு ஒரு பல்கலைக்கழகத்தையே நிர்வகிக்க நேர்ந்தபோது அந்த இரண்டு வட்டங்கள் என்னவாயின என்று மாணவர் எவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஓய்வு பெற்றபின் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள நான் எடுத்துப் படித்ததுதான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டுள்ள வில்சன் ஆவணத் தொகுதிகள்.

ஆர்தர் லிங்க்கைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1966 முதல் 1994 வரை வெளிவந்த இந்த வரிசையில் மொத்தம் 69 தொகுதிகள் உள்ளன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனையும் முதல் உலகப் போரையும் தேடி வருபவர்களுக்குப் பின்பாதித் தொகுதிகள் போதும். கல்வித்துறை வில்சனைத் தேடுபவர் 5ஆம் தொகுதியில் தொடங்கி 21ஆம் தொகுதியில் முடிக்கலாம். இவற்றுள் 13ஆம் தொகுதி முதல் பன்னிரண்டு தொகுதிகளுக்கான உள்ளடக்கப் பட்டியலும் சொல்லடைவும் மட்டுமே என்பதால், உண்மையில் படிக்கவேண்டியவை 16. நான் பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். இடையில் கிடைக்காமல் போன ஒன்றைப் பழைய புத்தகமாக வரவழைத்தேன். ‘நல்ல நிலை’ என்று விற்பனையாளர் எழுதியிருந்த அந்தப் பிரதி, ஏதோ ஒரு கல்லூரி நூலகம் கழித்துப்போட்ட முத்திரையோடும், முதுகு பிரிந்தும் வந்து சேர்ந்தது. பக்கங்கள் முழுமையாக இருந்ததால் திருப்பி அனுப்பவில்லை.

கடிதம், நாட்குறிப்பு, வகுப்புக்கான குறிப்பு, உரை, அறிக்கை, செய்தித்தாள் துணுக்கு எல்லாமே தேதி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலில் இது சலிப்பூட்டும். நிர்வாகவியல் விரிவுரைக் குறிப்புக்கு அடுத்த பக்கத்தில் மனைவி எல்லன் குழந்தையின் சளியைப் பற்றி எழுதுவார். அதற்கடுத்து ஒரு பதிப்பகத்தின் கணக்குச் சீட்டு வரும். ஆனால் இரண்டு தொகுதிகளுக்குப் பிறகு இந்தக் கலவையே பதிப்பின் பெரிய பலமாகத் தெரியத் தொடங்குகிறது. ஓர் ஆசிரியரின் சிந்தனை தனியாகவும் பிழைப்பு தனியாகவும் ஓடுவதில்லை என்பதை வேறெந்த வாழ்க்கை வரலாற்றிலும் நான் இப்படி உணர்ந்ததில்லை.

ஒரு தொழில்நுட்பச் செய்தியையும் சொல்லவேண்டும். வில்சன் இளம் வயதிலேயே கிரஹாம் முறைச் சுருக்கெழுத்தைக் கற்றவர். வகுப்புக் குறிப்புகளிலும் கடித வரைவுகளிலும் பெரும்பகுதியை அதில்தான் எழுதினார். நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் பிட்மன் படித்தவர்களுக்குத் தெரியும், தம் சுருக்கெழுத்தையே ஒரு மாதம் கழித்துப் படிப்பது எத்தனை கடினம் என்று. பிட்மனிலிருந்து கிளைத்த கிரஹாம் முறையில், ஒருவர் தமக்கென்று மட்டும் கிறுக்கி வைத்தவற்றைப் பல பத்தாண்டுகள் கழித்து எழுத்துப் பெயர்த்துத் தந்திருக்கிறார்கள். அந்த உழைப்பு ஒன்றுக்காகவே இந்தப் பதிப்பை வணங்கலாம்.

5ஆம் தொகுதியில் வில்சன், 1885இல் புதிதாகத் திறக்கப்பட்ட பிரின் மார் மகளிர் கல்லூரியில் ஆண்டுக்கு 1,500 டாலர் சம்பளத்தில் வரலாறும் அரசியலும் கற்பிக்கச் சேர்கிறார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எழுதிய, அமெரிக்கக் காங்கிரஸ் ஆட்சி பற்றிய நூல் அந்த ஆண்டின் தொடக்கத்தில் அச்சாகிப் பெயர் பெற்றிருந்தது. அதையே 1886இல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேடாகப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் கல்லூரியில் அவருக்கு வாய்த்தது கிரேக்க, ரோமானிய வரலாற்று வகுப்புகள். கல்லூரித் தலைவருக்கு அடுத்த நிலையான டீன் பதவியில் கேரி தாமஸ் என்ற பெண் இருந்தது அவருக்கு உறுத்தியது. இளம்பெண்களுக்கு அரசியல் கோட்பாட்டை விரிவுரை செய்வது, கல் கொத்தர்களுக்கு ஆடைப் பாணிகளின் வளர்ச்சியைச் சொல்லித் தருவது போன்றது என்ற கருத்தில் 1887இல் அவர் தம் குறிப்பேட்டில் எழுதியிருப்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் வகுப்பில் அவருடைய கட்டுரையை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் பெரும்பாலும் பெண்களே.

புகழ்பெற்ற அந்தக் கட்டுரையும் இதே தொகுதியில், இதே அலுப்புகளுக்கு நடுவே கிடக்கிறது. 1886 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய ஓர் உரையாகத்தான் அது பிறந்தது. அப்போது வில்சனுக்கு 30 வயது நிறைவடையவில்லை; ஓர் அலுவலகத்தை நடத்திய அனுபவம் என்று சொல்ல, அட்லாண்டாவில் கட்சிக்காரர் வராத வழக்கறிஞர் அறை ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் செலிக்மன் அச்சுக்குக் கேட்டபோது, இது பொருளுக்குள் நுழையாமல் சுற்றிவருகிற ஓர் அறிமுகம் மட்டுமே என்று அவரே அடக்கமாகப் பதில் எழுதுகிறார். அயல்நாட்டு முடியாட்சிகளின் நிர்வாக முறைகளிலிருந்தும் கற்கலாம் என்ற கருத்துக்கு அவர் தந்த உவமைதான் மறக்க முடியாதது: கத்தி தீட்டுகிறவன் கொலைகாரனாகவே இருந்தாலும், தீட்டும் விதத்தை அவனிடம் கற்கலாம், அவனுடைய நோக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. வெளிவந்தபோது அதிகம் கவனிக்கப்படாமல் போன அந்தக் கட்டுரையை, அதை முதலில் வெளியிட்ட இதழே 1941இல் மறுபதிப்புச் செய்தது. வேதவாக்கு என்ற தகுதி அதற்கு வெகு காலம் கழித்தே வந்தது. இந்தச் சூழலோடு சேர்த்துப் படித்தால், நாம் வகுப்பில் அதன்மேல் ஏற்றுகிற பாரம் சற்று அதிகம்தான் என்று தோன்றுகிறது.

1888 முதல் 1890 வரையிலான வெஸ்லியன் பல்கலைக்கழகக் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். சம்பளம் 2,500 டாலராக உயர்ந்தது. மாணவர்களின் விவாத அமைப்பைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பாணியில் மாற்றி அமைத்தார். கால்பந்து அணிக்கு ஆலோசனை சொன்னார். பல நாட்டு அரசமைப்புகளை ஒப்பிடும் பாடநூல் ஒன்றை 1889இல் வெளியிட்டார். 1890இல் தாம் பயின்ற பிரின்ஸ்டனுக்கே சட்டவியல், அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகத் திரும்பினார். ஆண்டுதோறும் சில வாரங்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவர் நிகழ்த்திய நிர்வாகவியல் தொடர் உரைகளின் குறிப்புகள் இந்தக் காலத் தொகுதிகளில்தான் பரவிக் கிடக்கின்றன. பொது நிர்வாக ஆசிரியர்கள் வேறெதைப் படிக்காவிட்டாலும் இவற்றைப் படிக்கவேண்டும். நிர்வாகத்தைச் சட்டத்தோடும் அரசின் வரலாற்றோடும் பிணைத்துப் பேசுகிற இந்த வில்சன், நம் வினா வங்கிகளில் வருகிற ஒற்றை வரி வில்சன் அல்ல. 1896இல் வலக்கை செயலிழந்ததும் சில வாரங்களில் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்ட செய்தியும், அதே ஆண்டு அக்டோபரில் கல்லூரி பல்கலைக்கழகமாகப் பெயர் மாறிய 150ஆம் ஆண்டு விழாவில் அவர் ஆற்றிய பேருரையும் 9, 10ஆம் தொகுதிகளில் அடுத்தடுத்து வருகின்றன.

நான் இரவு நெடுநேரம் விழித்துப் படித்தவை 14 முதல் 21 வரையிலான தொகுதிகள்.

1902 ஜூனில் பிரின்ஸ்டனின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்சன், எடுத்த எடுப்பிலேயே அறங்காவலர்களிடம் ஏறத்தாழ 1.25 கோடி டாலர் வேண்டும் என்கிறார். 1904இல் பாடத்திட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு ஆண்டுகள் பொதுக்கல்வி, பின்னிரண்டு ஆண்டுகள் ஒரு துறையில் ஆழம் என்று வகுக்கிறார். 1905இல் கிட்டத்தட்ட 50 இளம் ஆசிரியர்களைப் ‘பிரிசெப்டர்’ என்ற புதிய பதவியில் ஒரே ஆண்டில் அமர்த்தி, விரிவுரையோடு நில்லாமல் சிறு குழுக்களாக அமர்ந்து படித்ததைப் பேசும் முறையைத் தொடங்குகிறார். அரசமைப்புச் சட்ட அறிஞர் எட்வர்ட் கார்வின் அப்படி வந்தவர்களில் ஒருவர். ஆசிரியர் நியமனத்துக்காக வில்சன் எழுதிய கடிதங்களை நம் கல்லூரி முதல்வர்கள் படித்தால் பொறாமைப்படுவார்கள். இதுவரை எல்லாம் அந்த 1887ஆம் ஆண்டுக் கட்டுரையின்படியே நடக்கிறது: நல்ல திட்டம், தகுதியான ஆட்கள், தெளிவான பொறுப்பு, எதிர்ப்பே இல்லாத வேகம்.

1907இல் அந்த வேகம் தடைபடுகிறது. பிராஸ்பெக்ட் சாலையில் மேல்வகுப்பு மாணவர்கள் நடத்திய உணவுக் கிளப்புகள், சேர்த்துக்கொள்ளப்பட்டவர், ஒதுக்கப்பட்டவர் என்று வளாகத்தை இரண்டாகப் பிரிக்கின்றன என்பது வில்சனின் கணிப்பு. அது சரியான கணிப்பே. அவற்றுக்கு மாற்றாக, எல்லா வகுப்பு மாணவரும் சில ஆசிரியர்களும் சேர்ந்து வாழும் நாற்கட்டு விடுதிகளை முன்மொழிந்தார். ஜூனில் கொள்கையளவில் ஒப்புக்கொண்ட அறங்காவலர்கள், பழைய மாணவர்களின் சீற்றத்தைக் கண்டு அக்டோபரில் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார்கள். ஆசிரியர் கூட்டத்தில் எதிரணித் தீர்மானத்தை வழிமொழிந்தவர், வில்சனின் ஆருயிர் நண்பர் ஜான் ஹிப்பன். அதற்கு முன்னும் பின்னும் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் 17ஆம் தொகுதியில் உள்ளன. முறிவைத் தவிர்க்க இருவரும் அளந்தளந்து எழுதும் ஒவ்வொரு வரியிலும் முறிவு தெரிகிறது.

அடுத்து வந்தது பட்டமேற்படிப்புக் கல்லூரியை எங்கே கட்டுவது என்ற சண்டை. வளாகத்தின் நடுவே என்பது வில்சனின் கட்சி. கோல்ஃப் மைதானத்துக்கு அருகே தள்ளி என்பது டீன் ஆண்ட்ரூ வெஸ்டின் கட்சி. சோப்பு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் புரொக்டர் 1909இல் 5 லட்சம் டாலர் தருவதாகச் சொல்லி, இடம் பற்றிய நிபந்தனையையும் சேர்த்தார். 1910 ஜனவரியில் நடந்த அறங்காவலர் கூட்டத்தில் இடம் முக்கியமில்லை, வெஸ்டின் கொள்கையே தவறு என்று வில்சன் வாதத்தை மாற்றினார். அந்தக் கொள்கையை விளக்கிய வெஸ்டின் 1903ஆம் ஆண்டு வெளியீட்டுக்கு முன்னுரை எழுதியவர் வில்சனே என்று உடனே சுட்டிக்காட்டப்பட்டது; எழுதியபோது தாம் அதைப் படித்திருக்கவில்லை என்று அவர் விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று. பிப்ரவரித் தொடக்கத்தில் நியூயார்க் டைம்ஸில் அவருக்கு ஆதரவாக வந்த தலையங்கத்தின் கருத்துகளை, ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தவரும் வில்சன்தான். அந்தக் கடிதம் 20ஆம் தொகுதியில் அப்படியே இருக்கிறது. ஒரு கட்டடத்தின் இடத்தைப் பற்றிய நிர்வாகக் கேள்வி, ஜனநாயகத்துக்கும் செல்வச் செருக்குக்கும் இடையிலான போராட்டமாக மாறுகிற தருணத்தை இத்தனை அருகில் நின்று பார்க்க வேறு வழி இல்லை. கரும்பலகையின் இரண்டு வட்டங்களையும் அவற்றை முதலில் வரைந்த கையே அழித்துவிட்டது.

மே மாதத்தில் ஐசக் வைமன் என்ற பழைய மாணவர் இறந்து, உயிலில் பெருஞ்சொத்தைப் பட்டமேற்படிப்புக் கல்லூரிக்கு எழுதிவைத்து, அதை நிறைவேற்றும் பொறுப்பாளர்களில் ஒருவராக வெஸ்டை நியமித்திருந்தது தெரியவந்ததும் வில்சன் விட்டுக்கொடுத்தார். 20 லட்சத்துக்கும் மேல் என்று பேசப்பட்ட அந்தச் சொத்து, கைக்கு வந்தபோது அதில் பாதிகூடத் தேறவில்லை. அக்டோபரில் பதவி விலகினார். நவம்பரில் நியூஜெர்சி ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி குறைகள். லிங்க் வில்சன்மேல் பற்று மிக்கவர். அது அடிக்குறிப்புகளில் ஆங்காங்கே கசிகிறது. 1896, 1906 ஆண்டுகளின் உடல்நலக் கோளாறுகளை மூளைப் பக்கவாதம் என்று உறுதியாகச் சொல்லி, 1907க்குப் பிந்தைய பிடிவாதத்துக்கு அதைக் காரணமாக்குகிற குறிப்புகள் உள்ளன. இதை அலெக்சாண்டர் ஜார்ஜ், ஜூலியட் ஜார்ஜ் இணையரும் மருத்துவர் மைக்கேல் மார்மரும் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். மூல ஆவணங்களைத் தருகிற பதிப்பு, விவாதத்துக்குரிய நோய்க்கணிப்பை முடிந்த முடிபாகத் தந்திருக்க வேண்டியதில்லை. பதிப்பாசிரியர்களின் நேர்மையை ஐயுறவும் முடியாது. எதிரணியினரின் கடிதங்களைத் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள். கறுப்பின மாணவர் ஒருவர் 1909இல் சேர்க்கை கேட்டபோது, அவர் பிரின்ஸ்டனில் சேர்வது சற்றும் உசிதமல்ல என்று வில்சன் பதில் அனுப்பச் சொன்ன குறிப்பையும் மறைக்காமல் அச்சிட்டிருக்கிறார்கள். பிரின்ஸ்டன் 2020 ஜூனில் தன் பொது விவகாரப் பள்ளியிலிருந்து வில்சன் பெயரை நீக்கியது ஏன் என்று கேட்பவர், தாளில் உள்ள அந்தச் சில வரிகளிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

சொல்லடைவுகள் மிக நேர்த்தியானவை. 14 முதல் 25 வரையிலான தொகுதிகளுக்கு 26ஆம் தொகுதி அந்த வேலையைச் செய்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் ரொட்டுண்டா வழியாக மின்பதிப்பும் உண்டு. சொல் தேடுவதற்கு அது வசதி, ஆனால் சந்தா செலுத்தும் நூலகத்தின் துணை வேண்டும். தேடிப் படிக்கிறவருக்குத் தேடியது கிடைக்கும். பக்கம் புரட்டுகிறவருக்குத்தான் எல்லனின் கடிதம் கிடைக்கும்.

வரிசை முழுவதையும் வாங்குவது தனியாள் செய்யக்கூடிய காரியமல்ல. கல்லூரி நூலகத்துக்குப் பரிந்துரைப்பவர்கள் 5, 17, 20 ஆகிய மூன்றை முதலில் கேளுங்கள். நிர்வாகப் பொறுப்பில் இருக்கிற ஆசிரியர் என்றால் 20ஐ மட்டுமாவது ஒரு கோடை விடுமுறையில் படித்துவிடுங்கள். கூட்டக் குறிப்புகள் நிறைந்த தொகுதி என்பதால், அலுவலக நேரத்தில் படித்தாலும் வேலை பார்ப்பது போலவே தெரியும்.