குசாட்சு, பாத் காஸ்டைன், ஜெர்முக்: வெந்நீருக்காக மலையேறுபவர் எங்கே தங்கலாம்?

கனிம வெந்நீர் ஊற்றுள்ள மலை ஊரில் சில நாள் தங்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அறையின் படத்தைத்தான். ஜன்னலுக்கு வெளியே பனிமலை, கட்டிலின் மேல் மடித்து வைத்த வெள்ளைத் துண்டு. அதெல்லாம் எந்த மலை ஹோட்டலிலும் கிடைக்கும். இந்த ஊர்களில் நாம் காசு கொடுப்பது தண்ணீருக்கு. அது எங்கிருந்து வருகிறது, தொட்டிக்கு வரும் வழியில் அதற்கு என்ன நேர்கிறது, அதில் இறங்குபவருக்கு என்னென்ன விதிகள் என்பதை வைத்தே ஜப்பானின் குசாட்சு, ஆஸ்திரியாவின் பாத் காஸ்டைன், ஆர்மீனியாவின் ஜெர்முக் ஆகிய மூன்றையும் இங்கே எடை போடுகிறேன்.

தண்ணீரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் குசாட்சுவுக்கு ஈடில்லை. குன்மா மாகாணத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் வெந்நீர் தானாகப் பொங்குகிறது. அதன் பி.எச். அளவு 2 சொச்சம். ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால் நாளுக்கு நாள் இளைத்துப் பல்குத்தி போல ஆகிவிடும். இந்த நீர் போய்ச் சேரும் ஆற்றில் ஒரு காலத்தில் மீன்கூட வாழவில்லை. 1964 முதல் ஆற்றில் சுண்ணாம்புப் பாலைக் கலந்து புளிப்பை முறிக்கிறார்கள். அதற்கென்றே ஓர் ஆலை ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊர் நடுவில் கடைத்தெருவுக்கும் விடுதிகளுக்கும் இடையே யுபதாகே என்ற ஊற்றுவெளி இருக்கிறது. ஐம்பது டிகிரிக்கு மேல் கொதிப்புடன் வரும் நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் அதன் வீரியம் குறைந்துவிடும். அதனால் நீளமான மரத் தொட்டிகளில் ஓடவிட்டுக் காற்றிலேயே ஆற்றுகிறார்கள். தொட்டியின் அடியில் வெளிர்மஞ்சளாகக் கந்தகம் படிகிறது. அதைச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, குளியல் பொடியாக விற்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் முதலில் முகம் சுளிக்க வைக்கும், அரை மணி நேரத்தில் மூக்கு பழகிவிடும். ஆள் உயரப் பலகைகளால் பாட்டுப் பாடியபடி தண்ணீரைக் கிளறி ஆற்றும் யுமோமி முறை இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கும் நிகழ்ச்சியாகிவிட்டது. ஒரு முறை பார்க்கலாம்.

ஜப்பான் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். 2004இல் அந்நாட்டின் சில வெந்நீரூற்று ஊர்களில் குளியல் பொடியைக் கரைத்து நீரின் நிறத்தைக் கூட்டியதும், குழாய்த் தண்ணீரைச் சூடேற்றி ஊற்றுநீர் என்று காட்டியதும் அம்பலமாகின. அதற்குப் பிறகு வந்த விதிப்படி, தண்ணீர் சேர்த்தால், சூடேற்றினால், மறுசுழற்சி செய்தால், கிருமிநாசினி கலந்தால் அதை எழுதி ஒட்ட வேண்டும். உடை மாற்றும் அறையில் அந்தத் தாள் இருக்கும். போன் கேமராவால் மொழிபெயர்த்து முன்கூட்டியே படித்துவிடுங்கள், ஏனென்றால் உள்ளே போனை எடுத்துப் போக முடியாது. முன்பதிவின்போது கேட்க வேண்டியது ‘கென்சென் காகேநாகாஷி’யா என்று. ஊற்றிலிருந்து நேராக வந்து, தொட்டி நிரம்பி வழிந்து, திரும்ப வராமல் போய்விடும் நீருக்கு அந்தப் பெயர்.

பாத் காஸ்டைன் இதற்கு நேர் எதிர். நிறமில்லை, மணமில்லை. நாளுக்கு ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் வருகிறது, சூடு 46 டிகிரி வரை. கையில் அள்ளிப் பார்த்தால் வீட்டு வெந்நீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. விஷயம் அதில் கரைந்திருக்கும் ராடான் என்ற கதிரியக்க வாயுவில் இருக்கிறது. பக்கத்தில் பொக்ஸ்டைனில் தங்கம் தேடித் தோண்டிய பழைய சுரங்கத்துக்குள் சிறிய ரயிலில் அழைத்துப் போய், 37 முதல் 41.5 டிகிரி வரையிலான வெப்பத்தில் படுக்கவைத்து அந்தக் காற்றைச் சுவாசிக்க வைக்கிறார்கள். முதுகெலும்பு மூட்டு அழற்சி உள்ளவர்கள் வலி குறைவதாகச் சொல்லி ஆண்டுதோறும் வருகிறார்கள். ஆனால் வீடுகளின் அடித்தளத்தில் இதே வாயு தேங்கும்போது, புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமாக அது எண்ணப்படுகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தவர் போவது வேறு. மூட்டுவலியே இல்லாதவர் வேடிக்கை பார்க்க அந்தச் சுரங்கத்தில் படுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும்.

நம்மவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. என்ன உடுத்திக்கொண்டு இறங்குவது?

குசாட்சுவின் பொதுக் குளியலறைகளில் ஒன்றும் உடுத்தக் கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். முக்காலியில் உட்கார்ந்து சோப்புத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டியில் கால் வைக்கலாம். சிறிய துண்டைத் தலையில் வைத்துக்கொள்ளலாமே தவிரத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. இதற்கு மனம் ஒப்பாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் குடும்பக் குளியலறையோ அறையோடு சேர்ந்த தொட்டியோ உள்ள ரியோகானை, அதாவது ஜப்பானிய மரபு விடுதியை, தேட வேண்டும். செலவு கூடும், ஆனால் நிம்மதி. இறங்குமுன் கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கந்தகம் பட்டால் கறுத்துப்போகும்.

பாத் காஸ்டைனின் வெந்நீர்க் குளங்களில் நீச்சலுடை போதும். நீராவி அறைப் பகுதிக்குள் நுழைந்தால் கதை மாறும். அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றாக, உடையில்லாமல் இருப்பதுதான் வழக்கம். வழிகாட்டிப் பலகையைப் படிக்காமல் கதவைத் திறக்காதீர்கள்.

ஜெர்முக்கில் இந்தச் சங்கடமே இல்லை. மருத்துவர் மேற்பார்வையில் தங்கிச் சிகிச்சை பெறும் சோவியத் காலத்துச் சானடோரியம் முறை இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது. வந்ததும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் ரத்த அழுத்தம் பார்த்து, எந்த ஊற்றில் எவ்வளவு குடிப்பது, எத்தனை நிமிடம் குளிப்பது என்று அட்டையில் எழுதித் தருவார். குளியல் தனித் தொட்டியில், நேரம் பார்க்க ஒரு செவிலியர். ஊர் நடுவில் வளைவுகள் கொண்ட நீண்ட மண்டபம் ஒன்றில் வரிசையாகக் கல் கலசங்கள். ஒவ்வொன்றின் மேலும் அதன் சூடு எழுதியிருக்கும், சுமார் 30 டிகிரியில் தொடங்கி 53 வரை. ஆளுக்கொரு கோப்பையுடன் நின்று, ஊர்க்கதை பேசியபடி நிதானமாகக் குடிக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,080 மீட்டர் உயரம் என்பதால் முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சைவர்களுக்குக் குசாட்சுதான் சோதனை. காய்கறிக் கூட்டிலும் மீன் சாறு இருக்கும். வந்திறங்கிச் சொன்னால் பயனில்லை, முன்பதிவிலேயே எழுத வேண்டும். ஆஸ்திரியாவில் சிரமமில்லை. ஜெர்முக் உணவுக்கூடத்தில் மணியடித்தாற்போல் வேளைக்குச் சாப்பாடு, ருசி சுமார்தான்.

அமைதி என்ற பெயரில் மூன்றும் விற்கப்படுகின்றன. குசாட்சுவில் அது வாரநாட்களில் மட்டும்தான். வெள்ளி இரவு முதல் தோக்கியோக்காரர்கள் குவிந்துவிடுவார்கள். பாத் காஸ்டைனின் நடுவிலேயே 341 மீட்டர் அருவி படிப்படியாக விழுகிறது. அருவி பார்த்த அறை என்று பெருமையாகக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். தூக்கம் லேசானவர்கள் மறுபக்க அறையைக் கேளுங்கள். உண்மையான அமைதி ஜெர்முக்கில்தான், அதுவும் ஜூலை, ஆகஸ்ட் நெரிசல் தவிர்த்து. ஒரு எச்சரிக்கை: அஜர்பைஜான் எல்லை அருகில், 2022 செப்டம்பரில் இந்தப் பகுதி தாக்குதலுக்கு உள்ளானது. பயண அறிவிப்புகளைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

போய்ச் சேருவதில் பாத் காஸ்டைன் முந்துகிறது. சால்ஸ்பர்க்கிலிருந்து ரயில் நேராக ஊருக்கே வருகிறது. குசாட்சுவுக்கு ரயில் கிடையாது, அடிவாரத்து நாகனோஹாரா-குசாட்சுகுசி நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஜெர்முக்குக்கு யெரெவானிலிருந்து சாலை வழி மட்டுமே.

இரண்டு இரவு மட்டும் கையில் இருந்தால் நான் குசாட்சுவைச் சொல்வேன். அந்தப் புளிப்பான நீரில் அதற்கு மேல் தினமும் இருமுறை ஊறினால் தோல் எரியத் தொடங்கும். மலைப்பாதையில் நடந்துவிட்டு மாலையில் உடம்பை ஊறவைக்க விரும்புபவர்கள் பாத் காஸ்டைனுக்குப் போகலாம். ஏப்ரல், மே, நவம்பரில் பல ஹோட்டல்கள் மூடியிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வயதான பெற்றோரை அழைத்துப் போவதென்றால் என் ஓட்டு ஜெர்முக்குக்கு, குறைந்தது ஒரு வாரத்துக்கு. அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை ரஷ்ய மொழியில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.