4 ஸ்டார்: கொரிந்து பகுதிக்காகவே சேரலாம், பழைய ஏற்பாடு பகுதி மட்டும் ஒரே ஓட்டம்

இந்த கோர்ஸோட தலைப்புல கல்யாணம், பாலியல் ஒழுக்கம், வேதாகமம்னு மூணும் சேந்து வந்ததும் வழக்கமான வாலிபர் கூட்ட பிரசங்கம்தான், லவ் பண்ணாத, போன நோண்டாத, அப்பா அம்மா காட்டற பொண்ண கட்டிக்கோன்னு முடிச்சிடுவாங்கன்னு நெனச்சு ஒதுங்கறவங்க பயப்படாம சேரலாம், இது அந்த ரகம் இல்ல. இதுல புத்திமதியே கிட்டத்தட்ட கிடையாது. அப்போஸ்தலன் பவுல் கொரிந்துங்கற ஊர் சபைக்கு 1 கொரிந்தியர்ங்கற லெட்டர எழுதுன காலத்துல அந்த ஊர்ல கல்யாணம்னா என்ன, விவாகரத்துன்னா என்ன, யார் யார்கூட படுத்தா சட்டம் கேக்கும், யார்கூட படுத்தா கேக்காது, இத உக்காந்து பொறுமையா சொல்லித் தராங்க. பீஸ் ரெண்டு பேர் நல்ல ஹோட்டல்ல பிரியாணி சாப்பிடற காசுதான்.

முதல் கிளாஸ் முழுக்க ஊரப் பத்தியே போகுது, எனக்கு அது ரொம்ப பிடிச்சது. கிரேக்கர் காலத்து கொரிந்த கி.மு. 146ல ரோமத் தளபதி மும்மியுஸ் அழிச்சிட்டான், அதுக்கப்புறம் நூறு வருஷம் கழிச்சு கி.மு. 44ல ஜூலியஸ் சீசர் அத ரோமக் குடியேற்றமா திருப்பி உருவாக்கினாரு, வந்து குடியேறினதுல நெறைய பேர் விடுதலையான அடிமைங்க. அப்ப பவுல் பாத்த கொரிந்து ரோம சட்டம் நடக்கற, ரெண்டு துறைமுகம் இருக்கற, காசு புழங்கற ஊர். இத ஏன் இவ்ளோ இழுக்கறாங்கன்னா, நம்ம பிரசங்கத்துல வருஷா வருஷம் கேக்கற அந்த "கொரிந்து மலைக்கோயில்ல ஆயிரம் தேவதாசிகள்" கதை இருக்கே, அது ஸ்ட்ராபோங்கற கிரேக்க புவியியல் எழுத்தாளர் எழுதினது, அவரே சொல்றது அழிக்கப்படறதுக்கு முந்தின பழைய ஊர பத்தி, அதையும் இன்னைக்கு நெறைய ஆராய்ச்சியாளர்கள் நம்பறதில்ல. பவுல் காலத்துல அக்ரோகொரிந்துங்கற அந்த மலை மேல காதல் தேவதை அப்ரோதித்தேவுக்கு கோயில் இருந்துச்சு, ஆனா சின்னது. ஆயிரம் பேருக்கு அங்க எடம் ஏது. இந்த ஒரு விஷயத்த எங்க சபை போதகர் ஐயர் கேட்டார்னா அவரோட பாதி பிரசங்கம் போயிடும், பாவம்.

அடுத்து சட்டம். ரோமப் பேரரசர் அகஸ்து ராயன் கி.மு. 18ல கொண்டுவந்த கல்யாண சட்டங்கள், அப்புறம் கி.பி. 9ல வந்த பாப்பியா பொப்பேயா சட்டம். கல்யாணம் பண்ணாத, பிள்ளை பெக்காத ரோமக் குடிமக்களுக்கு சொத்து வாரிசுரிமைல அடி விழும். விபசார சட்டம் இன்னும் மோசம், விபசாரம்ங்கறதே அடுத்தவன் பொண்டாட்டிகூட போறதுதான், கல்யாணமான ஆம்பள தன் வீட்டு அடிமைப் பொண்ணுகிட்டயோ வேசிகிட்டயோ போனா அது அந்த கணக்குலயே வராது. அதேசமயம் பொண்டாட்டி தப்பு பண்ணினது தெரிஞ்சும் புருஷன் அவள தள்ளி வைக்காம சும்மா இருந்தா அவன் மேலயே கூட்டிக்கொடுத்தான்னு கேஸ் போடலாம். அகஸ்து தன் சொந்த மக யூலியாவையே கி.மு. 2ல தீவுக்கு நாடு கடத்தினாரு. இதெல்லாம் கேட்டுட்டு 1 கொரிந்தியர் 6ல வேசிகூட சேராதேன்னு பவுல் ஆம்பளைங்கள பாத்து சொல்றத படிச்சா, அங்க கேட்டுட்டு இருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு புரியுது, அவன் ஊர்ல அது குத்தமே இல்லையே.

இந்த கோர்ஸோட உயிர் 1 கொரிந்தியர் 7ம் அதிகாரம்தான். ஸ்திரீய தொடாம இருக்கறது நல்லதுங்கற முதல் வசனம் பவுலோட சொந்தக் கருத்தா, இல்ல கொரிந்துக்காரங்க அவருக்கு எழுதின லெட்டர்ல இருந்து எடுத்துப் போட்டு பதில் சொல்றாரான்னு ஒரு நீண்ட விவாதம். எழுதி கேட்டீங்களே அதுக்கு பதில்னு அவரே ஆரம்பிக்கறதால ரெண்டாவதுதான் சரின்னு வாத்தியார் ஐயா பக்கம், எனக்கும் அதுதான் படுது, ஏன்னா அடுத்த வசனத்துலயே அவர் நேர் எதிரா போறாரு. ஆவிக்குரியவங்களா ஆகிட்டோம், இனிமே புருஷன் பொண்டாட்டி ஒண்ணா படுக்கறது வேண்டாம்னு அந்த சபைல ஒரு கோஷ்டி இருந்திருக்கும்போல. அவங்ககிட்ட பவுல் சொல்றது, பொண்டாட்டி உடம்பு மேல புருஷனுக்கு அதிகாரம், அதோட நிறுத்தியிருந்தா அந்த காலத்து ஆளுங்க எல்லாரும் தலையாட்டிட்டு போயிருப்பாங்க, ஆனா அதே மூச்சுல புருஷன் உடம்பு மேல பொண்டாட்டிக்கு அதிகாரம்ங்கறாரு. ஜெபத்துக்காக விலகி இருக்கறதா இருந்தாலும் ரெண்டு பேரும் சம்மதிச்சு, கொஞ்ச நாளைக்கு மட்டும். கொஞ்சம் பின்னாடி வந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் புதுசா கல்யாணமானவங்களுக்கு எழுதின புத்திமதில, புருஷன் வேலக்காரிகிட்ட போனா கோவப்படாதம்மா, உன்மேல இருக்கற மரியாதைலதான் தன் ஆட்டத்த வேற எடத்துல வச்சுக்கறான்னு சொல்றாரு. ரெண்டையும் பக்கத்துல வச்சு காட்டின அந்த ஸ்லைடுக்கே முழு காசும் குடுக்கலாம். நம்ம கல்யாண ஆராதனைல பொண்டாட்டி புருஷனுக்கு கீழ்ப்படியணும்ங்கற எபேசியர் 5 வாசிக்காம தாலி ஏறாது, இந்த ரெண்டு பக்க அதிகாரத்த சொல்ற 1 கொரிந்தியர் 7:4 வாசிச்சு நான் கேட்டதே இல்ல.

விவாகரத்து கிளாஸும் நல்லா இருந்துச்சு. உபாகமம் 24ல பொண்டாட்டிய தள்ளி வைக்க காரணமா வர அந்த தகாத காரியம்ங்கறது என்னன்னு ஷம்மாய், ஹில்லேல்ங்கற ரெண்டு யூத ஆசிரியர்களோட பள்ளி ஆளுங்களும் அடிச்சுக்கறாங்க, ஹில்லேல் ஆளுங்க சோத்த தீய விட்டாகூட தள்ளி வைக்கலாம்ங்கறாங்க, பின்னாடி வந்த ரபி அகிபா இவள விட அழகா ஒருத்திய பாத்தாலே போதும்ங்கறாரு. மத்தேயு 19ல எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிவிடலாமான்னு பரிசேயர் இயேசுகிட்ட வந்து கேக்கறது இந்த சண்டைல நீ எந்தப் பக்கம்னுதான். மாற்கு 10ல மட்டும் பொண்டாட்டி புருஷன தள்ளி விட்டாலும்னு ஒரு வரி கூட வருது, ரோம சட்டத்துல பொண்ணும் கோர்ட்டுக்கு போகாமலே பிரிஞ்சு போகலாம்ங்கறதோட சேத்து படிச்சா அது சும்மா வந்த வரி இல்ல.

இப்ப குறை. ஒரு ஸ்டார் எங்க போச்சுன்னா பழைய ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு கிளாஸ். அதுலயே பாபிலோன் ராஜா அம்முராபியோட சட்டம், மெசொப்பொத்தாமியால கெடச்ச நூசி களிமண் பலகைகள், ஆபிரகாம் வீட்டு ஆகார் சாராள் கதை, பரிசப்பணம், புருஷன் செத்தா மச்சினன் கட்டிக்கற மைத்துன வழக்கம் எல்லாத்தையும் அள்ளிப் போட்டு ஓடறாங்க, நோட்ஸ் எடுக்கவே முடியல. அம்முராபில ஒப்பந்தம் எழுதலன்னா அவ மனைவியே இல்லன்னு இருக்கறத சொல்லிட்டு அடுத்த நிமிஷம் எலெபந்தீனா தீவுக்கு தாவறாங்க. நைல் நதில இருந்த யூத பட்டாளத்து குடியிருப்பு அது, கி.மு. 449ல அனனியான்னு ஒரு ஆலய ஊழியன் தாமெத்ங்கற எகிப்திய அடிமைப் பொண்ண கட்டின பத்திரம் இன்னும் இருக்கு, அதுல பொண்டாட்டியும் சபைல எழுந்து நின்னு இந்தாள எனக்கு வேண்டாம்னு சொல்லலாம்னு போட்டிருக்கு. கி.மு. அஞ்சாம் நூத்தாண்டுல! இதுக்கு ஒரு சாயங்காலமே குடுத்திருக்கணும், அரை ஸ்லைடோட முடிச்சிட்டாங்க.

அதைவிட எனக்கு உறுத்தினது வேற. பல எடத்துல "உலகம் முழுக்க இருட்டு, பவுல் ஒருத்தர்தான் வெளிச்சம்"ங்கற மாதிரி ஒரு தொனி வருது. பவுலோட காலத்திலயே மூசோனியுஸ் ரூபுஸ்னு ஒரு ஸ்தோயிக் தத்துவஞானி, எஜமான் அடிமைப் பொண்ண தொடறது தப்பு, உன் பொண்டாட்டி ஒரு அடிமைகூட போனா ஒத்துக்குவியான்னு நேராவே கேட்டிருக்காரு. அவரப் பத்தி மூச்சே இல்ல. யூதர்கள்ல ஒருதார மணம்தான்னு ஒரு வரில தாண்டிட்டாங்க, ஆனா சாக்கடல் பக்கம் குகைல 1961ல கெடச்ச பாபாத்தாங்கற யூதப் பொண்ணோட பத்திரங்கள்ல, ரெண்டாம் நூத்தாண்டுல கூட அவ ரெண்டாவது புருஷனுக்கு மிரியாம்னு இன்னொரு பொண்டாட்டி இருந்தது, புருஷன் செத்ததும் ரெண்டு பேரும் சொத்துக்கு மல்லுக்கட்டினது எல்லாம் இருக்கே. சரி அதையெல்லாம் விடுங்க, அடிமைங்க? அவங்களுக்கு சட்டப்படி கல்யாணமே கிடையாது, கூட வாழலாம், எஜமான் விக்கணும்னா பிரிச்சு வித்துடுவான். கொரிந்து சபைல இருந்த ஒரு அடிமைப் பொண்ணு வேசித்தனத்துக்கு விலகி ஓடுன்னு கேட்டுட்டு ராத்திரி எஜமான் கூப்பிட்டா என்ன பண்ணுவா? கேள்வி நேரத்துல ஒரு அக்கா இதத்தான் கேட்டாங்க. பவுல் இத நேரடியா எங்கயும் தொடலன்னு ஐயா நேர்மையா ஒத்துக்கிட்டாரு, அது சரி, ஆனா உடனே அடுத்த கேள்விக்கு போயிட்டாரு. அந்த சபைல அடிமைங்க இருந்தாங்கன்னு 7ம் அதிகாரத்துலயே வருது, அப்ப இது ஓரத்துல வைக்கற கேள்வி இல்லையே.

டெக்னிக்கலா சொல்லணும்னா ஆடியோ சுமார், ஐயா மைக்க விட்டு தள்ளித் தள்ளி போயிடறாரு. பிடிஎஃப் நோட்ஸ் சுத்தமா இருக்கு, வசன எண்ணெல்லாம் சரியா இருக்கு. வாட்ஸ்அப் குரூப்ல குட்மார்னிங் வசனம் போடக்கூடாதுன்னு அட்மின் கண்டிப்பா இருந்தாங்க, அதுக்கு தனி நன்றி.

சபைல கல்யாண ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடி ஜோடிகள உக்கார வச்சு கவுன்சிலிங் குடுக்கற ஐயர்மார், ஐயரம்மாமார், வாலிபர் சங்கம் நடத்தறவங்க கண்டிப்பா சேரணும். நேரா பதில் வேணும், பண்ணலாமா கூடாதான்னு மட்டும் சொல்லுங்கன்னு வர்றவங்களுக்கு கடுப்பாகும். நேரம் கம்மியா இருந்தா ரெக்கார்டிங்ல ஊர், சட்டம், 7ம் அதிகாரம் மூணையும் முதல்ல பாத்துட்டு பழைய ஏற்பாட கடைசியா, வேகத்த கொறச்சு வச்சு பாருங்க.