அப்பாவின் 11 மாத்திரையும் மயிலாப்பூர் முதியோர் கிளினிக்கும்

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு முதியோர் கிளினிக். பெயர் வேண்டாம். அப்பாவுக்கு 78 வயது, தினமும் 11 மாத்திரை. இதயத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று ஆளாளுக்கு எழுதியது ஏறிக்கொண்டே போனதே தவிர இறங்கவில்லை. "இதெல்லாம் இன்னும் வேணுமா சார்?" என்று கேட்டால், "அது அவர் எழுதினது, நான் கை வைக்க முடியாது, போட்டுட்டே இருங்க" என்பார்கள்.

இங்கே டோக்கன் போடும்போதே லேகியம் உட்பட எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார்கள். மஞ்சப்பையில் அள்ளிப் போனோம். டாக்டரம்மா பையை மேசையில் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார், மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்ததில் பாதிக்குப் பெயரே இல்லை. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேண்டாப்ரசோல் மட்டும் இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு. அதில் ஒன்று வலி மாத்திரைக்குத் துணையாக வந்தது. வலி மாத்திரை நின்று மூன்று வருஷமாகிறது, துணை நிற்கவில்லை. வருஷக்கணக்கில் போட்டால் பி12 வைட்டமின் குறையலாமாம்.

அப்புறம் அந்தக் கால் வீக்கம். பிரஷருக்குப் போட்ட அம்லோடிபினால் கால் வீங்க, வீக்கத்துக்கு வேறொருவர் நீர் பிரிய மாத்திரை எழுத, அதனால் ராத்திரி நாலு தடவை பாத்ரூம், தை மாசம் அங்கேதான் வழுக்கி விழுந்தார். நாங்கள் வயசைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்பா மசியவில்லை. "இருபது வருஷமா போடறேம்மா. வயசாயிடுச்சு, போதும்னு விடறீங்களா?" என்றார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஒண்ணொண்ணாதான் குறைக்கப் போறோம் ஐயா, ஒத்துக்கலேன்னா திரும்பப் போட்டுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. தூக்கத்துக்கான அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், வாரக்கணக்கில் பாதி, கால் என்று இறக்கினார். (தயவுசெய்து வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள்.)

குறை இல்லாமல் இல்லை. இரண்டு மணி நேரக் காத்திருப்பு, இதய டாக்டருக்குக் கடிதம் வாங்க மூன்று தடவை நடக்க வேண்டியிருந்தது, ஃபீஸும் கொஞ்சம் கடிக்கும். முடியாதவர்களுக்குக் கிண்டியில் 2024இல் திறந்த அரசு முதியோர் மருத்துவமனை இருக்கிறது.

நாலு மாசத்தில் 11 ஆறாகியிருக்கிறது, கால் வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று சாமி அலமாரியைத் துடைக்கும்போது முருகன் படத்துக்குப் பின்னால் பேண்டாப்ரசோல் ஒரு அட்டை. "சும்மா இருக்கட்டும்டா" என்றார்.