நிலாவை அழிக்காமல் அச்சிட்டுத் தரும் கடை (நாகர்கோவில், மணிமேடை பக்கம்)

விண்வெளிப் படங்களைப் பெரிதாக அச்சிட வேண்டுமென்றால் மணிமேடை பக்கம் உள்ள இந்தச் சின்ன டிஜிட்டல் பிரிண்ட் கடைக்குத் தாராளமாகப் போகலாம். பூதப்பாண்டி பக்கம் எங்கள் பள்ளியின் அறிவியல் அறைக்காக இரண்டு வண்ணப் படங்கள் போட்டேன். இரண்டிலும் ஒரு கோளும் அதன் நிலாவும் சேர்ந்து இருக்கும், இரண்டுமே அவசரமாக வேலை பார்ப்பவர் கையில் கெட்டுப்போகிற வகை.

முதலாவது, மங்கள்யான் 2014 அக்டோபரில் எடுத்தது. செவ்வாயின் முன்னால் அதன் நிலா போபோஸ் கடந்து போகிறது. 66,000 கி.மீ.க்கு அப்பாலிருந்து எடுத்த படம், போபோஸோ சுமார் 22 கி.மீ. அகலம்தான், அதுவும் விழுகிற வெளிச்சத்தில் 7 சதவீதம் அளவுக்கே திருப்பி அனுப்பும் கரிய கல், அதனால் படத்தில் கடுகளவு கரும்புள்ளியாகத்தான் தெரியும். முன்பு வேறொரு கடையில் கொடுத்தபோது தூசி என்று நினைத்து அந்தப் புள்ளியை அழித்துவிட்டார்கள், செவ்வாயையும் ஆட்டோ கரெக்‌ஷன் போட்டுப் பளிச்சென்ற ஆரஞ்சாக்கி விட்டார்கள். இங்கே டிசைன் பார்க்கும் பெண் ஃபைலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "சார், இந்தப் புள்ளி இருக்கணுமா, எடுக்கணுமா?" என்றுதான். அந்த ஒரு கேள்விக்கே ஐந்து ஸ்டார் கொடுக்கலாம்.

இரண்டாவது படத்தில் இன்னும் சிக்கல். அமெரிக்காவின் டிஸ்கவர் விண்கலம் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே, நம்மிடமிருந்து சுமார் 16 லட்சம் கி.மீ. தூரத்தில் சூரியனைச் சுற்றுகிறது. 2015 ஜூலை 16 அன்று அதன் எபிக் கேமரா பூமிக்கு முன்னால் நிலா போவதை எடுத்தது. நிலாவின் வலது ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரியும். "ரெஜிஸ்டர் விலகிக் கிடக்கே, சரி பண்ணித் தரட்டா?" என்று கேட்டார் கடைக்காரர். நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராததைத்தான் அப்படிச் சொல்வார்கள். அச்சுத் தொழிலில் இருப்பவர் கண்ணுக்கு அப்படித்தான் படும், உண்மையில் காரணமும் கிட்டத்தட்ட அதேதான். எபிக் கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று வடிகட்டியை மாற்றி மாற்றி, ஏறத்தாழ 30 வினாடி இடைவெளியில் மூன்று படம் எடுத்து அவற்றை ஒன்றாக்குகிறார்கள். நிலா வினாடிக்கு சுமார் 1 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, மூன்று படத்திலும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும்? அந்தப் பச்சை ஓரம் நிலா நகர்ந்ததற்கான சாட்சி. மங்கள்யான் கேமராவில் இந்த விலகல் வராது, அதில் சென்சாரின் ஒவ்வொரு பிக்சல் மேலேயும் ஒரு நிற வடிகட்டி உண்டு, நம் கைபேசியில் இருப்பது போலவே மூன்று நிறமும் ஒரே நொடியில் பதிவாகிவிடும். இதைச் சொன்னதும் அவர் வேலையை நிறுத்திவிட்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் எதையும் தொடாமல் அப்படியே போட்டுத் தந்தார்.

அளவு விஷயத்திலும் நேர்மை. இரண்டு ஃபைலும் 2048 பிக்சல் அகலம், நான் கேட்டது மூன்றடி. "14 இஞ்சுக்கு மேல போனா படம் கட்டம் கட்டமா உடைஞ்சிரும் சார்" என்று தடுத்துவிட்டார், பெரிய பிரிண்ட் போட்டால் காசு கூட வரும் என்று தெரிந்தும்.

தாள் மேட் ஃபினிஷ் கேளுங்கள். விண்வெளிக் கறுப்பில் கிளாஸி போட்டால் விரல் ரேகையும் டியூப்லைட்டும்தான் தெரியும். ஃப்ளெக்ஸைவிட விலை கூடுதல், ஆனால் கறுப்பு சாம்பலாக வெளுக்கவில்லை. கண்ணாடி ஃப்ரேம் எடுப்பதாக இருந்தால் பின்பக்கம் காற்றுப் போக இடைவெளி விடச் சொல்லுங்கள், இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் ஒட்டி அடைத்த ஃப்ரேமுக்குள் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும்.

குறை உண்டு. சொன்ன நாளில் கிடைக்கவில்லை, கல்யாண ஆல்ப வேலை வந்தால் மற்றதெல்லாம் தள்ளிப்போகிறது. வண்டி நிறுத்தவும் இடமில்லை, சாயங்காலம் போகாதீர்கள்.

படங்கள் இப்போது சுவரில் இருக்கின்றன. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் விகாஸ் எஞ்சினைச் சோதிக்கும் மகேந்திரகிரி எங்கள் பள்ளிக்குப் பக்கத்து மலைதான், மங்கள்யானும் பி.எஸ்.எல்.வி.யில்தான் போனது, அதனால் பிள்ளைகள் முதல் படத்தைத்தான் விடாமல் கேள்வி கேட்கிறார்கள். அடுத்து 2020 ஜூலை 1 அன்று மங்கள்யான் 4,200 கி.மீ. அருகில் வந்து எடுத்த போபோஸைப் போடப்போகிறேன், அதே கடையில்தான். நீங்கள் போவதாக இருந்தால் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும், பென்டிரைவில் கொண்டு போங்கள்.