பில்லில் மட்டும் நடந்த என்ஜின் பராமரிப்பு: நெடுங்கடல் பயணம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மோட்டார் படகில் பெருங்கடலைக் கடக்க ஆயத்தமாகிறவர்கள், என்ஜின் வேலையைப் பணிமனையிடம் ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும். நாங்கள் கேட்டது என்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தை) மாற்றுவது, என்ஜினின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றியைக் கழற்றிச் சுத்தம் செய்வது, டீசல் தொட்டியின் கசடை அகற்றுவது, ஃபில்டர்களை மாற்றுவது ஆகியவை. அனைத்துக்கும் பில் வந்தது. முழுத் தொகையையும் கட்டினோம். உண்மையில் நடந்ததோ ஃபில்டர் மாற்றமும், என்ஜினின் மேல் அடித்த புதுப் பெயின்டும் மட்டுமே.

இந்த மோசடி துறைமுகத்தில் வெளிப்படாது என்பதுதான் இதில் மிகக் கொடியது. அமைதியான நீரில் கசடு தொட்டியின் அடியிலேயே கிடக்கும். அலை வலுத்துப் படகு உருளத் தொடங்கியதும் கலங்கி, டீசலோடு வந்து ஃபில்டரை அடைக்கும். எங்களுக்கும் கரையை விட்டு வெகுதூரம் போன பிறகு, பக்கவாட்டு அலையில்தான் என்ஜின் திணறியது. ஃபில்டரை மாற்ற மாற்ற அதுவும் கறுத்தது. அடுத்து என்ஜினின் வெப்பம் ஏறவே பம்பைத் திறந்தோம்: உள்ளே இருந்தது, முன்பு நாங்களே தேதி கீறிப் பொருத்திய அதே பழைய இம்பெல்லர். அதன் முறிந்த இதழ்கள் வெப்பப் பரிமாற்றியின் வாயிலில் சிக்கியிருந்தன. குழாய்களில் இறுகியிருந்த உப்புப் படிவத்தைப் பார்த்தாலே அதை யாரும் திறக்கவில்லை என்பது விளங்கியது.

மாற்று இம்பெல்லர் கைவசம் இருந்ததால் என்ஜின் தப்பியது, ஆனால் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. மோட்டார் படகின் வானிலைத் திட்டம் வேகக் கணக்கை நம்பியே போடப்படுகிறது. 7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஒரு நாளைக்கு 168 கடல் மைல் கடக்கும் படகு, 4 நாட் வேகத்துக்கு இறங்கினால் 96 கடல் மைல்தான் கடக்கும். டீசல் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் புயல் காத்திருக்காது. ஜிஎஃப்எஸ் எனும் அமெரிக்க உலக வானிலைக் கணிப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 16 நாள் வரை காட்டினாலும், ஒரு வாரத்துக்கு அப்பால் தாழ்வழுத்தம் செல்லும் பாதையை நம்பிப் பயணம் வகுக்க முடியாது. தாழ்வழுத்தம் வருமுன் தாண்டிவிடுவோம் என்று கணித்திருந்த கடற்பரப்பிலேயே அது எங்களைப் பிடித்தது. திட்டமிட்ட திசையைக் கைவிட்டு, அலையைப் பின்புறமாக வாங்கியபடி வேறு துறைமுகத்தை அடைந்தோம்.

ரப்பர் பாகம் எப்போது வேண்டுமானாலும் உடையும் என்பதே பணிமனையின் பதில். தேதி கீறிய இம்பெல்லரின் படத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை.

ஆகவே, கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். தொட்டியின் மூடியைத் திறக்கும்போது உடனிருந்து, அடியிலிருந்து எடுத்த டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பாருங்கள். கடைசித் தவணையை, அலையுள்ள நீரில் சில மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, வெப்பமானியைக் குறித்துக்கொண்ட பிறகே கட்டுங்கள். பழைய பாகத்தைத் தர மறுக்கும் பணிமனையிலிருந்து படகை அன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.