மௌனமா, கடிதமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் ஆறேழு பேர் இரவில் மௌன ஜெபத்துக்கு உட்காருவோம். அதில் இரண்டு பேர் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தை விட்டுவிட்டார்கள். விற்கிறவனுக்குப் பொறுக்கவில்லை. போன மாதம் என் மோட்டார் சீட்டைக் கத்தியால் கிழித்துவிட்டு, "இன்னொரு தடவை கூடினா வீடு எரியும்" என்று ஆள் விட்டுச் சொன்னான்.

சரி, வாயை மூடிக்கொண்டு ஜெபிப்பதா, பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் கொடுப்பதா?

1577 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவை அருளப்பரை, அவர் துணைநின்ற துறவுச் சபைச் சீர்திருத்தம் பிடிக்காத அவருடைய சபையாரே பிடித்துத் தொலேதோவில் அடைத்தார்கள். குறுகலான அறை, சாட்டையடி, ஏறக்குறைய 9 மாதம். அந்த இருட்டிலும் அவர் கவிதை இயற்றினார். மௌனத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லைதான். ஆனால் இதைச் சொல்கிறவர்கள் அடுத்ததைச் சொல்லமாட்டார்கள்: 1578 ஆகஸ்டில் போர்வைத் துணியை முடிச்சுப் போட்டு, ஜன்னல் வழியே இறங்கித் தப்பினார்.

அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய கன்னியாஸ்திரி அவிலா தெரேசாவும் தியானத்தில் ஊறியவர்தான். அருளப்பரைப் பிடித்த இரண்டே நாளில் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கே கடிதம் எழுதினார். உடனே பலன் இல்லை.

மௌனத்தில் என் கோபம் அடங்குகிறது, உண்மை. ஆனால் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். தீ வைத்தால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும்தான் ஆபத்து. எனக்குத் தெரேசா வழிதான் சரிப்பட்டது. "வம்பு எதுக்குய்யா" என்றார் மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) அண்ணன். ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. ஜெபமும் நடக்கிறது. மோட்டார் சீட்டுக்கு இன்னும் டேப்தான்.